தண்டல் வீட்டுக் கல்

காலை பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. அந்த நேரத்தில் எங்கள் யார்டில் கல் அரைக்கும் கிரஷர் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் காதில் விழாது. லாரி ஓட்டும் பேச்சிராஜா போனைக் காதில் அழுத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடியதையும், அங்கே மறுகாதைப் பொத்திக்கொண்டு நின்றதையும் நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு அவன் நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தான். பெல்ட்டில் பாதி தூரம் ஏறியிருந்த கல் அப்படியே நின்றது.

நாசரேத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துப் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பிப் போனவர் யார்டை நடத்தும் விஜிலா அக்கா. பார்த்து முடித்து, பேசி முடித்து, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்பது.

"நல்ல கல்லுதாம், எடுத்துரலாம்னு இப்பதான எனக்குப் பேசுனாவ," என்றான் பேச்சிராஜா. அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியிலேயே சிரிப்பு தொடங்கிவிட்டது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அக்காவின் மகள் ஜெர்லின்கூட, முகமெல்லாம் வீங்கியிருந்தவள், பேச்சிராஜா நாக்கை நீட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டாள்.

நாக்குக் கதையைச் சொல்வதற்கு முன் யார்டைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, வீடுகள் குறைந்து உப்பளம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. தூத்துக்குடியில் இடிக்கிற வீடு, கடை, மதில் எல்லாம் முன்பு ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும் போய்க் கிடக்கும். அக்காவின் கணவர் ரோச் அண்ணன் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்ப்பவர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றபோது, இடிந்த கான்கிரீட்டை அரைத்து மறுபடியும் கல்லாக்கும் யார்டு ஒன்றைப் பார்த்து, வேடிக்கைக்காக வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். அடுத்த லீவில் ஊருக்கு வந்தவரை அக்கா நேராக இங்கே கூட்டி வந்தார். பொட்டலில் ஒரு கிரஷர் நின்றது. "இனி ஒனக்கு வெறும் குட்மார்னிங் மெசேஜ் மட்டும்தான்," என்றாராம் அண்ணன்.

யார்டுக்கு வருகிற சுமையில் மரம், பிளாஸ்டிக், ஒயர் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுத்துவிடுவோம். மிச்சம் கிரஷரின் தாடைக்குள் போகும். நொறுங்கி வெளியே வரும்போது பெல்ட்டுக்கு மேல் தொங்கும் காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு சல்லடை. பெரிய ஜல்லி ரோட்டுக்கு அடியில் போடப் போகும். சின்ன ஜல்லியையும் பொடியையும் சிமெண்டோடு கலந்து தரையில் பதிக்கும் பேவர் பிளாக் அடிப்போம்.

இதில் எங்கள் கரைக்கு மட்டும் உள்ள தொல்லை, உப்பு. கடலோரத்துப் பழைய வீடுகள் முருகைக்கல்லால் கட்டியவை. தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் வெட்டி எடுத்து வந்த பவளப்பாறைதான் அந்தக் கல். இப்போது வெட்டத் தடை. பின்னால் கான்கிரீட் வந்த காலத்திலும் கடல் மணலையே அள்ளிப் போட்டுக் கட்டியவர்கள் உண்டு. அந்த மாதிரிச் சுமையைத் தனியாகக் கொட்ட வேண்டும். பள்ளம் நிரப்பத்தான் ஆகும். உப்பைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சொட்டு மருந்து உண்டு. கல்லை ஊறவைத்த தண்ணீரில் விட்டால், உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். சிவில் படித்துவிட்டு யார்டில் சேர்ந்த எனக்கு அதுவும், பிளாக்கின் பலத்தைச் சோதிப்பதும்தான் வேலை.

அக்கா என் மருந்துக்குக் காத்திருக்க மாட்டார். லாரி நின்றதும் ஒரு துண்டை எடுத்து, சுத்தியலால் உடைத்து, உள்பக்கத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். பிறகு "வலது" என்பார், அல்லது "இடது" என்பார். வலது நல்ல குவியல். இடது உப்புக் குவியல்.

"அக்கா, அதுல என்னெல்லாம் ஒட்டியிருக்கோ, வாயில வைக்காதிய," என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"ஏளா சரண்யா, ஒன் மருந்து காசு குடுத்து வாங்குதது. என் நாக்கு ஓசி."

பேச்சிராஜா லாரியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவான். "அக்கா, இந்த லோடு கொஞ்சம் சப்புன்னு இருக்கும். தொட்டுக்க ஊறுகா வேணுமா?"

"ஒன் சம்பளத்துல பிடிச்சு வாங்கு."

நாக்கு எல்லாத் தடவையும் ஜெயித்துவிடவில்லை. ஒரு லாட்ஜ் பாத்ரூம் சுவரை "நல்ல கல்லு, வலது" என்று அனுப்பிவிட்டார். என் மருந்து பாலாக வெளுத்தது. சோப்பு ருசியில் ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாலும் எங்கள் பிளாக் விற்கவில்லை. பள்ளம் நிரப்ப வாங்குவார்கள், ரோட்டுக்கு அடியில் போட வாங்குவார்கள். வீட்டு வாசலில் போட ஆள் இல்லை. பிளாக் அடுக்கடுக்காக வெயிலில் கிடந்தது. கிரஷர் வாடகைக்கு எடுத்தது. வருடம் முடிவதற்குள் பிளாக் போகவில்லையென்றால் கிரஷரைத் திருப்பி அனுப்பிவிட்டு யார்டை மூடிவிடுவது என்று அக்காவும் அண்ணனும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அக்கா பிறந்த ஊரில் பாதை போடுகிற பேச்சு வந்தது.

அது சின்னக் கடற்கரை ஊர். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குச் சுற்றுக் கரை ஊர்களெல்லாம் அங்கே கூடும். சப்பரம் தூக்குகிறவர்களின் கால் வருடா வருடம் மணலில் புதைகிறது என்று, கோயில் வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் பிளாக் பதிக்க ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. அங்கே எங்கள் கல் பதிந்தால் கரை முழுக்க அதன் மேல் நடக்கும். அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார்.

கமிட்டித் தலைவர் ஆன்றோ, ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். அக்காவுக்குப் பெரியப்பா மகன். நான் கொண்டுபோன சோதனைத் தாளைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஏளா விஜிலா, ஒன் கல்லு கெட்டியாத்தான் இருக்கும். அதுல்ல விசயம். எவன் வீட்டுக் கக்கூஸ் செவுரோ என்னவோ. அதுக்கு மேல அந்தோணியார் சப்பரம் போவணுமா?"

"லாட்ஜ் செவுரு வேற அரைக்கியளாமே," என்றது பின்னால் ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"அரைச்சு, அலசி, சிமெண்டு போட்டு அடிச்ச பெறவு அதுல எங்கன இருக்கு கக்கூஸ்?"

"மனசுல இருக்குல்லா," என்றார் ஆன்றோ.

நான் தாளைப் பைக்குள் வைத்தேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி. அப்ப நம்ம ஊரு வீட்டுக் கல்லே போடுதேன். எங்க அப்பா வீட்ட இடிச்சு எடுத்துட்டு வாரேன். அதுல குத்தம் சொல்லுவியளா?"

யாரும் சொல்ல முடியாது. அக்காவின் அப்பா தோணித் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கோடு போகும் பெரிய தோணிகளை நடத்தியவர். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் பலர் அவருக்குக் கீழே கடல் போனவர்கள். அவர் காலமான பின் வீடு கடலோரத்தில் பூட்டிக் கிடந்தது. கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஊரில் அதற்குத் தண்டல் வீடு என்றுதான் பெயர்.

"தண்டல் வீட்டு மேல போறதுன்னா அந்தோணியாரே எறங்கி நடந்துருவாரு," என்றார் ஆன்றோ. வேலை எங்களுக்கு வந்தது.

வீட்டை இடித்து ஏற்றிய முதல் லோடு யார்டுக்குள் நுழைந்தபோது நாங்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். பேச்சிராஜா பின்கதவைத் திறந்துவிட்டு, சுத்தியலை எடுத்து இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, நாக்கு?"

"எங்க அப்பா கெட்டுன வீட்ட நக்கிப் பாக்கச் சொல்லுதியாலே? வலது."

"மருந்தாவது விட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"நீ ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டா ஒங்க அப்பாவ அப்பான்னு கூப்பிட்ட?"

எதிரில் யார் நின்றாலும் சிரித்திருப்பார்கள். நாங்களும் சிரித்தோம். தண்டல் வீடு மொத்தமும் வலது பக்கம் கொட்டப்பட்டது. பிளாக் அடித்ததும் பலத்தைச் சோதித்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

மே கடைசியில் பாதை பதித்து முடித்தோம். சாம்பல் நிறத்தில், நேர்கோட்டில், பார்க்கவே அழகாக இருந்தது. இடுக்குகளில் மணல் பரப்பி, மணல் இறங்குவதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தோம். மேற்கிலிருந்து வறண்டு வரும் கச்சான் காற்று அடிக்கிற காலம். தெளித்த தண்ணீர் உடனே காய்ந்தது. கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆன்றோ அக்காவுக்குப் போன் செய்தார். "வந்து பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தோம். பாதை முழுக்க அரிசி மாவைச் சலித்துவிட்ட மாதிரி வெள்ளை. அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"இடது," என்றார் மெதுவாக.

ஆன்றோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சுத்திலும் உப்பளம் இருக்குறது பத்தாதுன்னு கோயில் வாசல்லயும் ஒண்ணு போட்டுட்டியேளா. கொடியேத்தத்துக்கு முந்துன நாளு சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். போவலன்னா பேத்து எடுத்துட்டுப் பழையபடி மணல்லயே போயிக்கிடுவோம். பங்குச் சாமியார்ட்டயும் சொல்லியாச்சு."

பெயர்த்து எடுத்தால் அதைக் கரை முழுக்கப் பார்க்கும். அதன் பிறகு எங்கள் கல்லை ஒருவரும் தொட மாட்டார்கள். கிரஷர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"கல்லு உடையுமா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"உடையாது. இதுல கம்பி இல்ல, துருப் பிடிச்சு வெடிக்கதுக்கு. உள்ள இருக்க உப்பு ஈரத்தோட மேல வருது, அவ்வளவுதான். காஞ்ச பிரஷ் வச்சுத் தேச்சு எடுத்துட்டு, நல்ல தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஒத்தி எடுத்தா கொறஞ்சிரும்."

நல்ல தண்ணீர் அந்த ஊரில் குடிப்பதற்கே குடம் கணக்குத்தான். டேங்கர் பிடித்துக்கொண்டு வர அக்காவும் நானும் தூத்துக்குடிக்குப் போனோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது. டேங்கருக்கு முன்னால் நாங்கள் ஸ்கூட்டியில் வந்து கோயில் முக்கில் திரும்பினால், பாதை கறுகறுவென்று ஈரமாக மின்னுகிறது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நடுவில் ஆன்றோ, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஹோஸோடு நிற்கிறார். சுற்றிலும் படகில் போகிற இளைஞர்கள் துடைப்பத்தோடு.

"பாத்தியா, போயிருச்சு. இதுக்குப் போயி டேங்கர் புடிக்கப் போனியாக்கும்," என்றார். கோபமாக இருந்தாலும் தங்கச்சிக்கு உதவாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

"தண்ணி எங்க இருந்து அண்ணன்?" என்று அக்கா கேட்டார்.

ஆன்றோ ஹோஸின் மறுமுனையைக் காட்டினார். அது மணலில் நெளிந்து போய், ஒரு படகில் இருந்த பம்புக்குள் நுழைந்தது. பம்பின் குழாய் கடலுக்குள் கிடந்தது. படகுத் தளத்தை அவர்கள் நாள் தவறாமல் கழுவுவது அந்தத் தண்ணீரில்தான். கழுவுவது என்றால் அவர்களுக்கு வேறு தண்ணீர் ஞாபகம் வராது.

அக்கா கடலைப் பார்த்தார். ஹோஸைப் பார்த்தார். ஆன்றோவைப் பார்த்தார். பிறகு ஈரப் பாதையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். ஆன்றோவுக்கு விஷயம் மெல்ல உறைத்தது. ஹோஸை, கையில் வைத்திருந்தது தான் இல்லை என்பது போலக் கீழே வைத்தார்.

மதியத்துக்குள் காற்றும் வெயிலும் வேலையைக் காட்டின. முன்பு மாவு தூவிய மாதிரி இருந்தது இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இப்பச் சொல்லுங்க," என்றார் அக்கா. "இது யாரு உப்பு? எங்க அப்பா உப்பா, ஒங்க உப்பா?"

ஆன்றோ தலையைச் சொறிந்தார். "ரெண்டும் கலந்துட்டுளா."

"கலந்தத எப்படிப் பேத்து எடுப்பிய? ஒங்க பங்க நீங்க எடுங்க, எங்க அப்பா பங்க நான் எடுக்கேன்."

ஆன்றோ பெயர்ப்பதைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. படகின் அடிப்பாகத்தைத் தேய்க்கிற தேங்காய் நார் பிரஷ்களை வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவர் அவர்தான். ஒரு வரிசை காய்ந்த கல்லைத் தேய்த்துப் பொடியைக் கூட்டி அள்ளியது. பின்னால் ஒரு வரிசை நல்ல தண்ணீரைத் தெளித்துச் சாக்கால் ஒத்தி எடுத்தது. பெண்கள் வீட்டுத் தண்ணீரிலிருந்து ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து டேங்கரோடு சேர்த்தார்கள். அள்ளிய உப்பைப் பெட்டியில் பார்த்த ஒரு பெண், "ஒரு நாளு தண்டலு வீட்டுல கொஞ்சம் உப்பு கேட்டேன், இல்லன்னுட்டாவ. இம்புட்ட எங்கன வச்சிருந்தாவளோ," என்றாள். அதைக் கேட்டு அக்கா சிரிப்புத் தாங்காமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். ஆன்றோ வீட்டிலிருந்து டீயும் ஒரு பெட்டி மக்ரூனும் வந்தன. பேச்சிராஜா, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தேய்த்து முடித்த கல்லில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து "வலது" என்று கத்திக்கொண்டே போனான்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பாதை சாம்பல் நிறமாக இருந்தது. ஓரங்களில் மட்டும் லேசாக வெளுப்பு. ஆன்றோ செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார்.

"கூட்டத்துல எவன் குனிஞ்சு பாக்கப் போறான்," என்றார்.

திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. தூக்குகிறவர்களுக்குக் கால் புதைந்தே பழக்கம். கெட்டித் தரையில் கால் பட்டதும் வேகம் கூடிவிட்டது. முன்னால் போக வேண்டிய பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டே ஓட வேண்டியதாகிவிட்டது. பெரிய டிரம் வைத்திருந்தவர் ஒரு கட்டத்தில் அடிப்பதை விட்டுவிட்டு ஓடுவதில் மட்டும் கவனமாக இருந்தார். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். பாதை முடிகிற இடம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "இம்புட்டு பேரு எங்க வீட்டுக்கு வந்ததே இல்லளா," என்றார்.

அடுத்த வாரம் ஆன்றோ யார்டுக்கு வந்தார். ஐஸ் கம்பெனி முற்றத்துக்குப் பிளாக் வேண்டுமாம்.

"எந்தக் கல்லுல வேணும்?" என்று அக்கா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"கக்கூஸ் கல்லே குடு. தண்டல் வீட்டுக் கல்லு வேண்டாம். அந்த உப்புல என் ஐஸெல்லாம் உருகிப்போவும்."

அவர் முற்றத்தைப் பார்த்து இன்னொருவர் வாங்கினார். திருவிழாவுக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வந்தார்கள். கிரஷர் திரும்பிப் போகவில்லை. ரோச் அண்ணன் கப்பலிலிருந்து மறுபடியும் வீடியோ அனுப்பத் தொடங்கினார்.

மழைக்குப் பிறகு பாதையில் லேசாக உப்புப் பூக்கும். ஊரிலிருந்து யாராவது போன் செய்து, "விஜிலா, ஒங்க அப்பா எட்டிப் பாக்காரு," என்பார்கள். அக்கா பிரஷை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்து, நாலு வீட்டில் டீ குடித்து, ஊர்க் கதையோடு திரும்பி வருவார். ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் குறைவாகத்தான் பூத்தது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, இந்தப் பிப்ரவரியில் கோயில் மணிக்கூண்டுக்கு எதிரே பாதையிலிருந்து ஒரு கல்லை மட்டும் பெயர்த்து எடுத்து வந்து, யார்டில் ஒரு நீல வாளியில் நல்ல தண்ணீரில் போட்டு வைத்தார். சனிக்கிழமை தோறும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கு," என்பார். தண்ணீரை மாற்றுவார். நான் என் மருந்தை எடுத்துக்கொண்டு போனால் விரட்டுவார். "இது எங்க அப்பாவுக்கும் எனக்கும் உள்ளது."

ருசி அறவே போனதும் கல்லை அதன் இடத்தில் பதித்துவிடுவது, எப்படியும் இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முன் பதித்துவிடுவது என்று ஆன்றோவிடம் சொல்லியிருந்தார். நாசரேத் போவதற்கு முந்தின சனிக்கிழமை விரலை நாக்கில் வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். "இருக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அடுத்த வாரம் பாப்போம்," என்றார்.

கொடியேற்றம் முந்தாநாள் நடந்தது. மணிக்கூண்டுக்கு எதிரே பாதையில் ஒரு கல் அளவுக்கு மணல் நிரப்பியிருக்கிறார்கள். கல் நீல வாளியில்தான் இருக்கிறது.